பம்பை அணைத்தால் இன்ஜின் நிற்குமா? வீட்டுச் சிமுலேட்டரில் எரிபொருள் பம்புகளைப் புரிந்துகொள்வது

வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டிப் பழகத் தொடங்கிய முதல் மாதத்தில், போயிங் 737-800 விமானத்தின் எரிபொருள் பம்புகளைப் போட ஒரு நாள் மறந்துவிட்டேன். ஆனாலும் இரண்டு இன்ஜின்களும் வழக்கம்போலக் கிளம்பின. எச்சரிக்கை விளக்கு எரிந்ததை அழுத்தி அணைத்துவிட்டு ஓடுபாதைக்குப் போய்ப் புறப்பட்டும் விட்டேன். தலைக்கு மேலுள்ள பலகையில் நான்கு விளக்குகள் ஆம்பர் நிறத்தில் எரிந்துகொண்டே இருந்ததைப் பார்த்த பிறகுதான் மறதி தெரிந்தது. பம்பு போடாமலேயே விமானம் பறக்கிறதென்றால் இது மென்பொருளின் பிழைதான் என்று முடிவு கட்டி, நண்பர்களிடமும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். மென்பொருள் சரியாகத்தான் நடந்துகொண்டது. பம்பு என்ன வேலை செய்கிறது என்பது எனக்குத்தான் தெரிந்திருக்கவில்லை.

இந்தக் குழப்பம் எனக்கு மட்டுமே உரியதன்று. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா 171 விபத்துக்குள்ளானபோது, இரு இன்ஜின்களின் எரிபொருள் கட்டுப்பாட்டுச் சுவிட்சுகளும் ஒரு விநாடி இடைவெளியில் 'ரன்' நிலையிலிருந்து 'கட்ஆஃப்' நிலைக்கு மாறின என்று முதற்கட்ட அறிக்கை கூறியது. அதைப் பற்றிப் பேசியவர்களில் பலர் அந்தச் சுவிட்சையும் எரிபொருள் பம்பின் சுவிட்சையும் ஒன்றாகவே எண்ணிப் பேசினார்கள். இரண்டும் வெவ்வேறு வேலை செய்பவை. கட்ஆஃப் என்பது இன்ஜினுக்குப் போகும் எரிபொருள் குழாயை வால்வால் அடைப்பது. 737 விமானத்தில் அந்த வேலையைச் செய்வது நடுப்பலகையில் உள்ள ஸ்டார்ட் லீவர். பம்பு சுவிட்ச் எதையும் அடைப்பதில்லை. அது செய்வது என்ன என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. உதாரணமாக 737-800 விமானத்தையே எடுத்துக்கொள்கிறேன்; வீட்டில் பறப்பவர்களில் பெரும்பாலோர் ஒரு முறையாவது ஏறி அமர்ந்த விமானம் அது.

சம்ப்பும் மோட்டாரும்

நம் வீடுகளில் இரண்டு வகை மோட்டார்கள் உண்டு. மோனோபிளாக் மோட்டார் தரைமேல் உட்கார்ந்துகொண்டு, சக்‌ஷன் பைப் வழியாகக் கீழேயுள்ள தண்ணீரை இழுக்கிறது. சப்மெர்சிபிள் மோட்டார் தண்ணீருக்குள்ளேயே மூழ்கி இருந்து, தண்ணீரை மேலே தள்ளுகிறது. இழுப்பதற்கு ஓர் எல்லை உண்டு. நடைமுறையில் ஏழெட்டு மீட்டர் ஆழத்துக்குக் கீழே மோனோபிளாக் திணறும். தள்ளுவதற்கு அந்த எல்லை கிடையாது. அதனால்தான் ஆழ்துளைக் கிணற்றில் மோட்டாரையே உள்ளே இறக்குகிறோம்.

விமானத்தில் இரண்டு வகையும் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கின்றன. இன்ஜினோடு பிணைந்து, இன்ஜின் சுழலும் வேகத்துக்கேற்பத் தானும் சுழலும் ஒரு பம்பு உண்டு. இதற்குச் சுவிட்ச் கிடையாது; இன்ஜின் சுழன்றால் இது சுழலும், எரிபொருளை மிக அதிக அழுத்தத்தில் எரியறைக்கு அனுப்பும். இது நம் மோனோபிளாக். டேங்க்குக்குள் மின்சாரத்தில் ஓடும் பம்பு இன்னொன்று. அது எரிபொருளைச் சிறிய அழுத்தத்தோடு இன்ஜினின் வாசல்வரை தள்ளிக் கொடுக்கிறது. இது சப்மெர்சிபிள். இதைத்தான் பூஸ்ட் பம்பு என்கிறார்கள். தலைக்கு மேலுள்ள பலகையில் நாம் போடுவதும் அணைப்பதும் பூஸ்ட் பம்பின் சுவிட்சுகளை மட்டுமே.

சுருக்கமாக: எரியறைக்கு எரிபொருள் ஊட்டுவது இன்ஜினின் சொந்தப் பம்பு. பூஸ்ட் பம்பு அதற்கு உதவியாள்.

உதவியாள் இல்லாவிட்டால்?

பூஸ்ட் பம்புகள் நின்றுவிட்டால், இறக்கையிலுள்ள டேங்க்கிலிருந்து இன்ஜினின் சொந்தப் பம்பே எரிபொருளை உறிஞ்சிக்கொள்ளும். அதற்கென்றே ஒரு மாற்றுப் பாதை வைத்திருக்கிறார்கள். 737-இல் இன்ஜின் இறக்கைக்குக் கீழே தொங்குவதால் புவியீர்ப்பும் கொஞ்சம் கைகொடுக்கும். இப்படி உறிஞ்சிப் பெறுவதற்குச் சக்‌ஷன் ஃபீட் என்று பெயர். என் முதல் மாதப் பயணம் முழுவதும் இதன் தயவில்தான் நடந்தது.

அப்படியானால் பூஸ்ட் பம்பே எதற்கு என்று கேட்கலாம். விடை உயரத்தில் இருக்கிறது. மோட்டார் தண்ணீரை இழுக்கிறது என்று நாம் சொன்னாலும், உண்மையில் அது குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். சம்ப்பின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும் காற்றுதான் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளுகிறது. காற்றழுத்தம் குறைந்த ஊட்டியில், அதே மோட்டாரால் சமவெளியில் இழுத்த ஆழத்திலிருந்து இழுக்க முடியாது. விமானத்தின் டேங்க்கும் வெளிக்காற்றோடு தொடர்புடையதுதான். 35,000 அடி உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் கால்பங்குக்கும் குறைவு. தள்ளிக்கொடுக்க வேண்டிய காற்றே மெலிந்துவிடுகிறது.

இன்னொரு தொல்லையும் உண்டு. கோலி சோடாவின் குண்டைத் தட்டியதும் நுரை பொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அழுத்தம் குறைந்த கணத்தில், திரவத்தில் கரைந்திருந்த வாயு குமிழிகளாக வெளியே வருகிறது. எரிபொருளிலும் காற்று கரைந்திருக்கிறது. உயரத்தில், உறிஞ்சப்படும் குழாயில் அந்தக் காற்று பிரிந்து குமிழிகளாகிறது. மோட்டாருக்குள் காற்றுப் புகுந்தால் சத்தம் மட்டும் வந்து தண்ணீர் வராமல் போகுமே, அதே நிலை இன்ஜினின் பம்புக்கும் வரலாம். அப்போது உந்துவிசை குறையும். இன்ஜின் அணைந்தும் போகலாம். ஆகவே, பூஸ்ட் பம்பு இல்லாமல் தரையில் ஓடிய இன்ஜின் உச்ச உயரத்திலும் ஓடும் என்று எதிர்பார்க்க முடியாது. கொஞ்சம் கீழே இறங்கினால் அதே இன்ஜின் மறுபடியும் ஒழுங்காக ஓடும்.

பம்பின் எச்சரிக்கை எப்படித் தவறாக வாசிக்கப்படலாம் என்பதற்கு ஒரு புகழ்பெற்ற நிகழ்ச்சி உண்டு. 1983 ஜூலை 23 அன்று கனடாவில் 41,000 அடியில் பறந்துகொண்டிருந்த ஏர் கனடா 143 என்ற போயிங் 767 விமானத்தில், இடப்பக்க எரிபொருள் அழுத்தம் குறைவு என்று எச்சரிக்கை ஒலித்தது. பம்பு பழுதாகியிருக்கும், புவியீர்ப்பில் எரிபொருள் வந்துகொண்டிருக்கும் என்றுதான் விமானிகள் முதலில் நினைத்தார்கள். நியாயமான எண்ணம்தான். ஆனால் கிலோவுக்கும் பவுண்டுக்கும் இடையே நடந்த கணக்குப் பிழையால் டேங்க்கில் எரிபொருளே தீர்ந்துகொண்டிருந்தது. இரு இன்ஜின்களும் அணைந்த பிறகு விமானத்தை மிதக்கவிட்டு கிம்லி என்ற இடத்தில் இறக்கினார்கள். அனைவரும் உயிர் தப்பினர். அழுத்தம் குறைவு என்று விளக்கு சொல்லும். காரணம் பம்பா, டேங்க்கா என்பதை அது சொல்லாது.

மூன்று டேங்க், ஆறு பம்பு

737-800-இல் இடது இறக்கையில் ஒரு டேங்க், வலது இறக்கையில் ஒரு டேங்க், நடுவில் ஒரு மைய டேங்க். இறக்கை டேங்க் ஒவ்வொன்றும் சுமார் 3,915 கிலோ கொள்ளும்; மைய டேங்க் சுமார் 13,000 கிலோ. ஒவ்வொன்றிலும் இரண்டு பம்புகள்: இறக்கை டேங்க்கில் முன்பம்பு, பின்பம்பு; மைய டேங்க்கில் இடது, வலது. எனவே பலகையில் ஆறு சுவிட்சுகள். கீழ்வரிசை நான்கும் இறக்கைகளுக்கு, மேலே உள்ள இரண்டும் மைய டேங்க்குக்கு.

புதிதாக வருபவர்கள் அனைவரும் கேட்கும் கேள்வி இது: ஆறையும் ஒரே நேரத்தில் போட்டால் எந்த டேங்க்கிலிருந்து எரிபொருள் போகும்? எல்லாவற்றிலிருந்தும் சமமாக என்பதுதான் பலருக்கும் தோன்றும் பதில். அது தவறு. மைய டேங்க் முதலில் காலியாகும்.

ஒரே டெலிவரி பைப்பில் இரண்டு மோட்டார்களை இணைத்து, ஒவ்வொன்றின் வாயிலும் தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் ஒருவழி வால்வு வைத்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்று ஒரு குதிரைத்திறன், மற்றது அரைக் குதிரைத்திறன். பெரிய மோட்டார் குழாயில் ஏற்படுத்தும் அழுத்தம், சிறிய மோட்டாரின் வால்வை வெளியிலிருந்து அழுத்தி மூடியே வைத்திருக்கும். சிறியது சுழன்றுகொண்டுதான் இருக்கும், அதன் தண்ணீர் வெளியே போகாது. பெரியது நின்ற கணத்தில் குழாயில் அழுத்தம் இறங்க, சிறியதன் வால்வு தானாகத் திறந்துகொள்ளும். 737-இல் மைய டேங்க்கின் பம்புகள் பெரிய மோட்டார். இறக்கைப் பம்புகள் சிறியவை. விமானி எதையும் மாற்றிவிட வேண்டியதில்லை. அழுத்த வேறுபாடே வரிசையைத் தீர்மானித்துவிடுகிறது. எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் தனி மதிப்பு உண்டு. கணினியோ உணர்கருவியோ இல்லாமல் இரண்டு பம்புகளின் பலத்தை மட்டும் வைத்தே வேலையை முடித்திருக்கிறார்கள்.

மைய டேங்க் ஏன் முதலில் தீர வேண்டும்? ஒரு பலகையின் இரு முனைகளையும் இருவர் பிடித்துத் தூக்க, ஒரு பிள்ளை நடுவில் உட்கார்ந்தால் பலகை வளையும். அந்தப் பிள்ளை முனையருகே உட்கார்ந்தால் வளைவு குறையும். பறக்கும்போது காற்று இறக்கைகளை மேலே தூக்குகிறது, உடலின் எடை நடுவில் கீழே இழுக்கிறது. இறக்கைக்குள்ளேயே எடை இருந்தால் இறக்கையின் அடிப்பகுதி படும் பாடு குறையும். அதனால் நிரப்பும்போது இறக்கைகள் முதலில், செலவழிக்கும்போது அவை கடைசியில். மைய டேங்க்கில் 453 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டுமென்றால் இறக்கை டேங்க்குகள் நிறைந்திருக்க வேண்டும் என்பது விதி.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: மைய டேங்க்குக்குச் சக்‌ஷன் ஃபீட் கிடையாது. அதன் பம்புகளைப் போட மறந்தால் அதிலுள்ள எரிபொருள் அங்கேயே கிடக்கும், இறக்கைகள் காலியாகிக்கொண்டே போகும். வீட்டுச் சிமுலேட்டரில் மிக அதிகமாக நடக்கும் தவறு இதுதான் என்று சொல்வேன். இன்ஜின் ஓடும்போது மைய டேங்க்கில் 726 கிலோவுக்கு மேல் இருந்தும் அதன் பம்புகள் அணைந்திருந்தால், எரிபொருள் காட்டியில் 'கான்ஃபிக்' என்ற எழுத்து எரியும். அதை நம்மில் பலர் அலங்காரம் என்று நினைத்துக் கடந்துபோகிறோம்.

சுருக்கமாக: பூஸ்ட் பம்பு இரண்டு வேலை செய்கிறது. இன்ஜின் வாசலில் அழுத்தத்தைத் தருகிறது. எந்த டேங்க் முதலில் தீர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது.

வறண்டு ஓடும் பம்பு

சம்ப்பில் தண்ணீர் தீர்ந்தது தெரியாமல் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தால் காயில் கருகிவிடும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். விமானப் பம்புக்கும் அதே ஆபத்து; அதைக் குளிர்விப்பதும் உயவாக இருப்பதும் அந்த எரிபொருளே. வீட்டில் மோட்டார் கருகினால் செலவு, அவ்வளவுதான். காலியான டேங்க்கில் அப்படியல்ல. அங்கே எரிபொருளின் ஆவியும் காற்றும் கலந்து நிற்கின்றன.

2001 மார்ச் 3 அன்று பாங்காக் விமான நிலையத்தில் நின்றுகொண்டிருந்த ஒரு 737-400 விமானத்தின் மைய டேங்க் வெடித்து, விமானப் பணியாளர் ஒருவர் உயிரிழந்தார். பயணிகள் அப்போது ஏறியிருக்கவில்லை. அந்த டேங்க்குக்குக் கீழேதான் குளிர்பதனப் பொறிகள் உள்ளன. அவை வெகுநேரம் ஓடியதால் மேலே டேங்க் சூடேறியிருந்தது. ஏறக்குறைய காலியான அந்த டேங்க்கில் பம்புகள் வறண்டு ஓடிக்கொண்டிருந்தன. அதற்கு முன்பே, 1990 மே 11 அன்று மணிலாவில் ஒரு 737-300 விமானத்தின் மைய டேங்க் வெடித்து 8 பேர் இறந்திருந்தனர். 1996-இல் நியூயார்க் அருகே டி.டபிள்யூ.ஏ. 800 என்ற 747 விமானம் மைய டேங்க் வெடித்து 230 பேரோடு கடலில் விழுந்தது. அதில் ஐயம் விழுந்தது பம்பின் மேல் அல்ல, மின்கம்பிகளின் மேல். என்றாலும், காலி டேங்க் என்பது வெறும் டேங்க் அல்ல என்ற பாடத்தை உலகம் முழுவதும் கொண்டுபோனது அந்த விபத்துதான்.

இதனால் 737-இன் கையேட்டில் மைய டேங்க் பம்பை வேண்டுமென்றே வறண்டு ஓடவிடக் கூடாது என்று விதி இருக்கிறது. 453 கிலோவுக்கு மேல் இருந்தால்தான் தரையில் அந்தப் பம்புகளைப் போடுவார்கள். பறக்கும்போது டேங்க் தீர்ந்து 'லோ பிரஷர்' விளக்கு எரிந்ததும் அணைத்துவிடுவார்கள். பிற்காலத்தில் வந்த விமானங்களில், அழுத்தம் சில விநாடிகள் தொடர்ந்து குறைவாக இருந்தால் பம்பு தானாகவே நின்றுவிடும் ஏற்பாடும் உண்டு. ஆனாலும் சுவிட்சை அணைப்பது விமானியின் கடமைதான்.

விளக்குகளின் நடத்தையும் இங்கே புரியும். இறக்கைப் பம்பை அணைத்தால் அதன் விளக்கு எரியும். மையப் பம்பை அணைத்தால் அதன் விளக்கு அணையும். ஒரே பலகையில் இரண்டு நியாயமா என்று தோன்றலாம். இறக்கைப் பம்புகள் பறக்கும்போது எப்போதும் ஓட வேண்டியவை, ஓடாவிட்டால் சொல்ல வேண்டும். மையப் பம்புகள் பாதிப் பயணத்தில் ஓடக் கூடாதவை. அப்போதும் விளக்கு எரிந்தால் அது தொந்தரவுதான்.

கிராஸ்ஃபீட்: கலப்பது அல்ல, கடன் கொடுப்பது

இடது குழாயையும் வலது குழாயையும் இணைக்கும் வால்வுக்குக் கிராஸ்ஃபீட் என்று பெயர். அதைத் திறந்தால் ஒரு டேங்க்கிலிருந்து மற்றொன்றுக்கு எரிபொருள் பாய்ந்து சமமாகிவிடும் என்பது பரவலான தவறான கருத்து. ஒருவழி வால்வுகள் இருப்பதால் டேங்க்குக்குள் எதுவும் திரும்பிப் போகாது. ஒரு பக்க டேங்க் இரண்டு இன்ஜின்களுக்கும் ஊட்ட வழி பிறக்கிறது, அவ்வளவே.

இரு இறக்கைகளுக்கும் இடையே 453 கிலோவுக்கு மேல் வித்தியாசம் வந்தால் எரிபொருள் காட்டி 'இம்பால்' (சமநிலை இல்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று காட்டி எச்சரிக்கும். முதலில் எங்காவது கசிகிறதா என்று யோசிக்க வேண்டும். கசியும் பக்கத்துக்காக நல்ல பக்கத்தைச் செலவழித்தால் இரண்டும் போகும். கசிவு இல்லையென்றால் கிராஸ்ஃபீட்டைத் திறந்து, அதன் நீல விளக்கு பளிச்சென்று எரிந்து பிறகு மங்குவதைப் பார்க்க வேண்டும். மங்கினால் வால்வு முழுதாகத் திறந்துவிட்டது என்று பொருள். அதன்பின் குறைவாக உள்ள டேங்க்கின் இரு பம்புகளையும் அணைக்க வேண்டும். அதிகமாக உள்ள பக்கத்தை அணைப்பவர்கள் ஏராளம். 'அதிகம்' என்றதும் கை அங்கேதான் போகிறது. சமமானதும் முதலில் பம்புகளைப் போட்டு, பிறகே வால்வை மூட வேண்டும். வரிசையை மாற்றினால் அந்தப் பக்க இன்ஜின் சிறிது நேரம் சக்‌ஷனை நம்பி ஓடும்.

வாலில் இருக்கும் குட்டி இன்ஜின்

தரையில் மின்சாரமும் குளிர்காற்றும் தரும் சிறிய இன்ஜின் ஒன்று விமானத்தின் வாலில் இருக்கிறது, ஏ.பி.யூ. என்று அழைக்கப்படுவது அது. அது எரிபொருள் எடுப்பது இடப்பக்கக் குழாயிலிருந்து. பம்பு எதுவும் ஓடாவிட்டால் இடது இறக்கையிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் நெடுநேரம் அப்படி விட்டால் அதன் எரிபொருள் கட்டுப்பாட்டுக் கருவி தேயும் என்பதால், மின்சாரம் கிடைத்ததும் இடது இறக்கையின் முன்பம்பைப் போடுவது வழக்கம். இன்ஜின் கிளம்புவதற்கு முன்பே ஒரே ஒரு பம்பு மட்டும் ஓடிக்கொண்டிருப்பதைக் காணொளிகளில் பார்த்து வியந்தவர்களுக்கு விடை இதுதான். இடது பக்கம் மட்டும் குறைந்துகொண்டே போகாமலிருக்க, மைய டேங்க்கில் போதுமான எரிபொருள் இருந்தால் இடது மையப் பம்பையும் சேர்த்துப் போடுவார்கள்.

ஏர்பஸ்ஸும், சிமுலேட்டரின் மௌனமும்

ஏர்பஸ் ஏ320-இன் பழைய வடிவத்தில் இதே வேலைகளில் பாதியை விமானமே பார்த்துக்கொள்கிறது. சுவிட்சுகளைப் போட்டுவிட்டால், இறக்கையின் முன்விளிம்புத் தகடுகள் நீட்டப்பட்டிருக்கும்போது மையப் பம்புகள் தாமாக நிற்கும், அவை மடங்கியதும் மீண்டும் ஓடும், டேங்க் காலியான சில நிமிடங்களில் ஓய்ந்துவிடும். தத்துவம் ஒன்றே, விமானியின் கைக்குப் பதிலாகக் கணினி.

சிமுலேட்டரோடு இலவசமாக வரும் சில விமானங்களில் பம்பு சுவிட்ச் வெறும் பொம்மை. போட்டாலும் அணைத்தாலும் ஒன்றும் மாறாது. மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரில் கன்ட்ரோல் விசையோடு 'ஈ' விசையை அழுத்தினால் அனைத்தையும் அதுவே போட்டு இன்ஜினைக் கிளப்பிவிடும். கற்றுக்கொள்ள விரும்புபவருக்கு அது உதவாது. உங்கள் விமானம் எந்த வகை என்று சோதிக்க எளிய வழி: மைய டேங்க்கில் எரிபொருளை வைத்துக்கொண்டு ஆறு பம்புகளையும் போட்டுப் பறந்து பாருங்கள். இறக்கைகளின் அளவு அசையாமல் நிற்க, மையம் மட்டும் இறங்கினால் அழுத்த வேறுபாட்டை ஒழுங்காக எழுதியிருக்கிறார்கள்.

ஒரு பயணம், தொடக்கம் முதல் இறுதிவரை

சென்னையிலிருந்து டெல்லிக்கு 11,000 கிலோ எரிபொருளோடு கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். இறக்கைகளில் 7,830 கிலோ நிறைந்திருக்கும். மீதி 3,170 கிலோ மையத்தில். ஏ.பி.யூ. ஓடத் தொடங்கியதும் இடது முன்பம்பு. இன்ஜின்களைக் கிளப்பும் முன் இறக்கைப் பம்புகள் நான்கும், மையப் பம்புகள் இரண்டும். மையத்தில் ஒன்றை மட்டும் போட்டால், கிராஸ்ஃபீட் மூடியிருக்கும்போது ஒரு இன்ஜின் மையத்திலிருந்தும் மற்றது தன் இறக்கையிலிருந்தும் குடித்துச் சமநிலையைக் கெடுக்கும். ஏறும்போது இறக்கை அளவுகள் அசையாது. உச்ச உயரத்தை எட்டிச் சமமாகப் பறக்கத் தொடங்கிய சிறிது நேரத்தில் மையம் தீரும் நிலைக்கு வரும், அதன் விளக்குகள் மினுக்கும், இரண்டையும் அணைக்கிறோம். அடியில் எஞ்சும் கொஞ்சத்தை, இடது இறக்கை ஏறக்குறையப் பாதியானதும், அதன் முன்பம்பின் அழுத்தத்தில் இயங்கும் ஓர் உறிஞ்சி அந்த இறக்கைக்கே கொண்டுசேர்க்கும். அதனால் பின்னர் இடது பக்கம் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தால் பதற வேண்டாம்.

டெல்லியில் நின்றதும் ஸ்டார்ட் லீவர்கள் இரண்டையும் கட்ஆஃப் நிலைக்குத் தள்ளுகிறோம், இன்ஜின்கள் அடங்குகின்றன. பம்புகளை அணைப்பது அதற்குப் பிறகுதான். ஏ.பி.யூ. ஓடிக்கொண்டிருந்தால் இடது முன்பம்பை மட்டும் விட்டுவைக்கிறோம். இப்போது பலகையைப் பார்த்தால் கீழ்வரிசையில் மூன்று ஆம்பர் விளக்குகள் எரியும், நான்காவது இருண்டிருக்கும், மேலே உள்ள மைய விளக்குகள் இரண்டும் அணைந்தே இருக்கும்.